லைம் நோயின் கதை: ஒரு அம்மா எழுதிய பட்டியலும், கடற்பறவை மேல் இருந்த உண்ணியும்

கொஞ்சம் நீளமான இழை. நைட் டூட்டி முடிச்சுட்டு எழுதுறேன், டீ ஒன்று கையில் வச்சுக்கிட்டுப் படிங்க.

முதலில் என் தப்பிலிருந்து தொடங்குறேன்.

சில வருடங்களுக்கு முன், ஒரு மழைக்காலம். வெளிநோயாளிகள் பிரிவில் நிற்க இடமில்லாத கூட்டம். ஒன்பது வயதுப் பையனைத் தூக்கிட்டு ஒரு அம்மா வந்தாங்க. ஆறு நாள் காய்ச்சல். டெங்கு டெஸ்ட் நெகட்டிவ். டைபாய்டும் இல்லை. வார்டில் அட்மிஷன் போட்டு எழுதிக்கிட்டு இருக்கேன். அந்த அம்மா, "சார், இவனுக்கு அக்குள்ல ஒரு புண்ணு மாதிரி இருக்கு சார்"னு சொன்னாங்க. "சரிம்மா, மேல போங்க, அங்க பார்ப்பாங்க"ன்னு சொல்லி அனுப்பிட்டேன். அடுத்த டோக்கன்.

மறுநாள் காலை ரவுண்ட்ஸில் வார்டு சிஸ்டர்தான் பையனின் கையைத் தூக்கிக் காட்டினாங்க. அக்குளில் சிகரெட்டால சுட்ட மாதிரி கறுப்பாக ஒரு சின்னப் பொருக்கு. ஸ்க்ரப் டைஃபஸ். நம்ம ஊர்ல "உண்ணிக் காய்ச்சல்"னு சொல்றோமே, அதுதான். டாக்ஸிசைக்ளின் ஆரம்பிச்சோம், இரண்டு நாளில் காய்ச்சல் இறங்கிடுச்சு. பையன் நல்லாயிட்டான். ஆனா ஒரு முழு ராத்திரி அவனுக்கு வீணாப் போச்சு. நோயின் பெயரை அந்த அம்மா எனக்குக் கையில் கொடுத்திருக்காங்க. வாங்கத் தெரியாம விட்டது நான்தான்.

(ஒரு சின்னத் திருத்தம்: ஸ்க்ரப் டைஃபஸைப் பரப்புவது உண்மையில் உண்ணி இல்லை. உண்ணிக்குச் சொந்தக்காரனான, கண்ணுக்கே தெரியாத ஒரு பூச்சியின் குஞ்சு. "உண்ணிக் காய்ச்சல்" என்ற பெயர் நிலைச்சுப் போச்சு, இருக்கட்டும்.)

இன்றைக்கு எழுதப் போவது நிஜமான உண்ணி பரப்பும் ஒரு நோயின் வரலாறு. லைம் நோய். நம்மூரில் இது அரிது, அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் ரொம்பச் சாதாரணம். அங்கேயும் ஒரு அம்மா சொன்னாங்க. அங்கேயும் டாக்டர்கள் கேட்கலை. ஒரு நாள் ராத்திரி இல்லை, பல வருஷம்.

அமெரிக்காவில் கனெக்டிகட் மாநிலத்தில், ஆற்றங்கரையில் காடும் புல்வெளியுமாக இருக்கும் ஒரு சின்ன ஊர் லைம். அங்கே பாலி மர்ரே என்ற ஓவியர், நான்கு பிள்ளைகளின் தாய், வாழ்ந்து வந்தார். அவருக்கு விட்டுவிட்டுக் காய்ச்சல், தோலில் தடிப்பு, மூட்டு வீக்கம், தலைவலி, அசதி. போகாத ஆஸ்பத்திரி இல்லை, எடுக்காத டெஸ்ட் இல்லை. எல்லாம் நார்மல். கடைசியில், "உங்களுக்கு மனசுலதான் பிரச்சினை" என்கிற அளவுக்குப் போனது.

அதன் பிறகு பிள்ளைகளுக்கும் முட்டி வீங்க ஆரம்பித்தது. 1975 வாக்கில் அந்த வீட்டில் ஒரே நேரத்தில் ஒன்றுக்கு மேற்பட்டவர்கள் ஊன்றுகோலில் நடந்தார்கள். டாக்டர்கள் சொன்ன பெயர், குழந்தைகளுக்கு வரும் முடக்குவாதம்.

இங்கேதான் பாலி மர்ரே ஒரு காரியம் செய்தார். அக்கம்பக்கத்தில் விசாரித்தார். இந்தத் தெருவில் ஒரு பையன், அந்த வளைவில் ஒரு பொண்ணு, பின்னாடி வீட்டில் ஒரு பெரியவர். பெயர், வயசு, என்ன தொந்தரவு, எப்போது தொடங்கியது. எல்லாவற்றையும் எழுதி வைத்தார். குழந்தைகளுக்கு வரும் முடக்குவாதம் தொற்றுநோய் கிடையாது. அது அரிதான நோய். ஒரே தெருவில் நாலு வீட்டுக்கு வராது. அவர் மருத்துவம் படித்தவர் இல்லை, ஆனால் இந்தக் கணக்கு அவருக்குப் புரிந்தது. நாங்கள் எம்பிபிஎஸ் மூன்றாம் வருஷம் சமூக மருத்துவத்தில் "கொள்ளைநோய் விசாரணை"னு ஒரு பாடம் படிப்போம். அதன் முதல் படியை அவர் சமையலறை மேசையிலேயே முடித்துவிட்டார்.

1975 அக்டோபரில் மாநிலச் சுகாதாரத் துறைக்குப் போன் போட்டார். பக்கத்து ஊரான ஓல்டு லைமில் ஜூடித் மென்ஷ் என்ற இன்னொரு அம்மாவும் இதே புகாரோடு அதிகாரிகளை அணுகியிருந்தார். போனை எடுத்த டேவிட் ஸ்னைட்மேன் என்ற இளம் மருத்துவ அதிகாரி, நல்லவேளை, "அடுத்த டோக்கன்" சொல்லலை. அவருக்குத் தெரிந்த ஆலன் ஸ்டீர் அப்போதுதான் யேல் பல்கலைக்கழகத்தில் மூட்டுநோய்ப் பிரிவில் பயிற்சிக்குச் சேர்ந்திருந்தார். அதற்கு முன் கொள்ளைநோய்த் துப்பறிவு வேலையில் இருந்தவர். விஷயம் அவரிடம் போனது.

ஸ்டீர் குழு லைம், ஓல்டு லைம், ஈஸ்ட் ஹாடம் என்ற மூன்று ஊர்களில் தேடியது. கிடைத்தவர்கள் 51 பேர். அதில் 39 பேர் குழந்தைகள். சில சாலைகளில் பத்துக் குழந்தைகளுக்கு ஒன்று என்ற கணக்கில் பாதிப்பு. பெரும்பாலும் கோடையில் தொடங்கியது. ஊர் நடுவில் இல்லை, காட்டை ஒட்டிய வீடுகளில்தான் அதிகம். 51 பேரில் 13 பேர், முட்டி வீங்குவதற்குச் சில வாரம் முன்னாடி தோலில் சிவப்பாக ஒரு வட்டம் வந்து பெரிதாகிக்கொண்டே போனதாகச் சொன்னார்கள்.

1977-இல் கட்டுரை வெளியானது. நோய்க்கு "லைம் மூட்டுவாதம்" என்று ஊர் பெயரையே வைத்தார்கள். ஊர்க்காரர்களுக்கு இது பெருமையா கொடுமையா என்று தெரியவில்லை. மனை விலை பற்றி யாராவது கவலைப்பட்டிருப்பார்கள்.

அந்தச் சிவப்பு வட்டத்தைக் கேட்டதும் தோல் மருத்துவர்களுக்குப் பழைய ஞாபகம் வந்தது. அதற்கு நாம் ஐரோப்பாவுக்குப் போகணும்.

1909, ஸ்டாக்ஹோம். ஸ்வீடன் தோல் மருத்துவர் சங்கக் கூட்டத்தில் அர்விட் அஃப்செலியஸ் என்ற மருத்துவர், உண்ணி கடித்த இடத்திலிருந்து வளையமாகப் பரவிய சிவப்புத் தடிப்பு உள்ள ஒரு பெண்ணைப் பற்றிப் பேசினார். நகர்ந்துகொண்டே போகும் சிவப்பு என்ற பொருளில் "எரிதீமா மைக்ரன்ஸ்" என்று பெயர் வைத்தார். 

1922, பிரான்சில் லியோன். காரின், புஜாதூ என்ற இரண்டு மருத்துவர்கள் ஒரு நோயாளியைப் பதிவு செய்தார்கள். உண்ணிக் கடி, சிவப்புத் தடிப்பு, அதன்பின் தாங்க முடியாத நரம்பு வலி, மூளைச்சவ்வில் அழற்சி. காரின் என்ற பெயரை மட்டும் மனசில் வைத்துக்கொள்ளுங்க. பறவைக்கும் அவருக்கும் ஒரு தொடர்பு பின்னாடி வருது.

1948-இல் ஸ்வீடனின் கார்ல் லென்ஹாஃப், தோல் துணுக்கில் சுருள் வடிவக் கிருமி போல எதையோ பார்த்ததாக எழுதினார். 1951-இல் ஹோல்ஸ்ட்ரோம் பென்சிலின் கொடுத்து இந்தத் தடிப்பு குணமாவதைக் காட்டினார்.

யோசிச்சுப் பாருங்க. உண்ணி தெரியும், தடிப்பு தெரியும், நரம்பு வலி தெரியும், பென்சிலின் வேலை செய்யும்னு தெரியும். எல்லாம் 1951-க்குள். ஆனால் தடிப்பு தோல் மருத்துவரின் பத்திரிகையில், நரம்பு வலி நரம்பியல் பத்திரிகையில், ஒன்று ஸ்வீடனில், ஒன்று பிரான்சில். லைம் ஊரில் பிள்ளைகளின் முட்டியைப் பார்த்தவர்கள் மூட்டு மருத்துவர்கள். யானையைத் தடவிய கதைதான்.

அமெரிக்காவுக்குள்ளேயே ஒரு துண்டு கிடந்தது. 1970-இல் விஸ்கான்சின் மாநிலத் தோல் மருத்துவர் ருடால்ஃப் ஸ்க்ரிமென்டி, இந்தச் சிவப்பு வளையத்தோடு வந்த ஒரு நோயாளியைப் பற்றி எழுதி, பென்சிலினில் குணப்படுத்தியிருந்தார். அந்த நோயாளியே ஒரு டாக்டர். க்ரவுஸ் என்ற காட்டுக்கோழி வேட்டைக்குப் போன இடத்தில் உண்ணி கடித்திருந்தது.

சரி, கிருமி எங்கே?

இதைக் கண்டுபிடித்த வில்லி பர்க்டார்ஃபர், சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் பிறந்தவர். ஆப்பிரிக்க உண்ணிகள் பரப்பும் மீள்காய்ச்சல் கிருமியை ஆராய்ந்து முனைவர் பட்டம் வாங்கியவர். அதுவும் சுருள் கிருமி, பொரீலியா குடும்பம். பிறகு அமெரிக்காவில் மொன்டானா மாநிலத்தில் ராக்கி மவுன்டன் ஆய்வகத்தில் வாழ்நாள் முழுக்க உண்ணிகளின் வயிற்றைக் கிழித்துப் பார்ப்பதே வேலை. உண்ணி வயிற்றை அறுக்கும் சர்ஜன் என்று தன்னையே சொல்லிக்கொள்வாராம்.

1981-இல் அவர் தேடியது லைம் நோயை இல்லை. நியூயார்க்கை அடுத்த லாங் ஐலண்ட் பகுதியில் வேறொரு உண்ணிக் காய்ச்சல் இருந்தது, அதன் கிருமியைத் தேடினார். ஷெல்டர் தீவிலிருந்து உண்ணிகளை அனுப்பி வைத்தவர் ஜார்ஜ் பெனாக். தேடியது கிடைக்கலை. ஆனால் நுண்ணோக்கியில் குடல் திரவத்தில் நெளிந்துகொண்டிருந்தவை, இளவயதில் பாசலில் பார்த்துப் பழகிய அதே மாதிரிச் சுருள்கள். 126 உண்ணிகளில் 77-இல். ஐரோப்பாவின் அந்தப் பழைய சிவப்பு வளையக் கட்டுரைகள் அவருக்குத் தெரியும். முடிச்சு அவிழ்ந்தது. லைம் நோயாளிகளின் ரத்தத்தை வைத்துப் பார்த்தபோது இந்தக் கிருமிக்கு எதிரான புரதங்கள் இருந்தன. 1982 ஜூனில் "சயின்ஸ்" இதழில் வந்தது. 1984-இல் கிருமிக்கு அவர் பெயரையே வைத்தார்கள், பொரீலியா பர்க்டார்ஃபெரி.

பாலி மர்ரே போன் போட்டு ஏழு வருஷத்துக்குள் கிருமி கையில். அஃப்செலியஸ் பேசியதிலிருந்து கணக்குப் போட்டால் 73 வருஷம்.

பெரும்பாலான புத்தகங்களில் கதை இங்கே முடிஞ்சிடும். எனக்குப் பிடித்த பகுதி இனிமேல்தான்.

உண்ணியின் வாழ்க்கையைக் கொஞ்சம் தெரிஞ்சுக்கணும். முட்டையிலிருந்து வரும் குஞ்சு உண்ணி, அடுத்து நிம்ஃப் என்ற நடுப்பருவம், பிறகு முதிர்ந்த உண்ணி. ஒவ்வொரு பருவத்திலும் ஒரே ஒரு தடவைதான் ரத்தம் குடிக்கும், நாள்கணக்கில் ஒட்டிக்கொண்டு. பிறக்கும்போது குஞ்சு உண்ணியிடம் பெரும்பாலும் லைம் கிருமி இருக்காது. முதல் ரத்தத்தை யாரிடம் குடிக்குதோ அங்கிருந்துதான் வாங்கிக்கொள்ளும். அமெரிக்கக் காடுகளில் அது பெரும்பாலும் வெள்ளைக்கால் எலி. அடுத்து நிம்ஃப் ஆகி, கசகசா அளவில் இருந்துகொண்டு, நம்ம காலில் ஏறும்போது கிருமியைக் கொடுக்கும்.

மான்? இதை "மான் உண்ணி" என்றே சொல்வார்கள். முதிர்ந்த உண்ணிகளுக்கு மான்தான் அன்னதான மண்டபம். ஆனால் மானின் ரத்தத்தில் உள்ள தற்காப்புப் புரதங்கள் இந்தக் கிருமியைக் கொன்றுவிடும். ஆக மான் உண்ணியைப் பெருக்கும், கிருமியைக் கொடுக்காது.

எலி கொடுக்குது, மான் பெருக்குது. சரி. ஆனா எலி எவ்வளவு தூரம் போகும்? ஒரு வேலியைத் தாண்டும். மான் சில மைல். அப்படின்னா நடுவில் ஏரியும் கடலும் இருக்கும் இடங்களில், முன்பு இல்லாத ஊர்களில், உண்ணி எப்படி முளைக்குது?

லைம் ஊர் இருக்கும் அதே கனெக்டிகட்டில் ஆண்டர்சன், மேக்னரெல்லி என்ற இரண்டு விஞ்ஞானிகள் வலை கட்டிப் பறவைகளைப் பிடித்தார்கள். 1984-இல், பறவைகள் மேல் இருந்த உண்ணிகளில் சுருள் கிருமி இருப்பதை எழுதினார்கள். 1986-இல் வீரி என்ற பூங்குருவி இனப் பறவையின் ஈரலிலிருந்து கிருமியை உயிரோடு வளர்த்தெடுத்தார்கள். பறவையின் உடல் சூடு 40 டிகிரிக்கு மேல். நமக்கு அது நடுங்க வைக்கும் காய்ச்சல். அந்தச் சூட்டில் பிழைக்குமா என்ற சந்தேகம் நியாயமானது. பிழைத்திருந்தது.

ஏன் பூங்குருவி, ராபின் மாதிரிப் பறவைகள்? அவை தரையில் சருகைக் கிளறிப் புழு தேடும். குஞ்சு உண்ணியும் நிம்ஃபும் தரையை ஒட்டிய சருகில்தான் காத்திருக்கும். பறவை தலையைக் குனியும்போது கண்ணைச் சுற்றி, அலகின் ஓரத்தில் ஏறிக்கொள்ளும். உடம்பின் மற்ற இடத்தில் ஏறினால் பறவை அலகால் கொத்தி எடுத்துவிடும். தன் கண்ணோரத்தைத் தானே கொத்த முடியாதே. எந்த இடம் பாதுகாப்புன்னு அந்த உண்ணிக்கு யார் சொல்லிக் கொடுத்தாங்களோ!

ஒட்டிய உண்ணி மூன்று நான்கு நாள் குடிக்கும். அதற்குள் வலசை போகும் பறவை நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் கடந்திருக்கும். வயிறு நிரம்பியதும் உண்ணி கீழே விழும். டிக்கெட் எடுக்காத பயணி, புது ஊர்.

கனடாவில் 2008-இல் நிக் ஆக்டன் குழு ஒரு மதிப்பீடு வெளியிட்டது. ஒவ்வொரு வசந்தத்திலும் வலசைப் பறவைகள் கனடாவுக்குள் இறக்கிவிடும் கறுப்புக்கால் உண்ணிகள் 5 கோடி முதல் 17.5 கோடி வரை. அங்கே 1970-களின் தொடக்கத்தில் இந்த உண்ணி நிலையாகக் குடியிருந்த இடமாகத் தெரிந்தது ஈரி ஏரிக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் லாங் பாயிண்ட் என்ற ஒரு மணல்முனைதான். பறவைகள் ஏரியைக் கடந்து வந்து முதலில் இறங்கும் இடம் அது. பறவை ஆயிரம் வருஷமாக உண்ணியைக் கொண்டுவந்து கொட்டிக்கிட்டுத்தான் இருந்திருக்கும். குளிரில் செத்துக்கொண்டிருந்தன. குளிர் குறையக் குறைய இப்போது குடும்பம் நடத்துகின்றன.

இனி ஸ்வீடன். 1990-களின் தொடக்கம், ஊமியோ பல்கலைக்கழகம். பியோர்ன் ஓல்சன் ஒரு மருத்துவர், பறவைப் பைத்தியமும் கூட. (டாக்டர்களுக்கு டூட்டியைத் தவிர ஒரு பைத்தியம் இருக்கணும் என்று நான் என் ஹவுஸ் சர்ஜன்களிடம் சொல்வேன். இதை உதாரணமாக வச்சுக்கலாம்.) ஸ்வீடனின் வடகிழக்குக் கரையில் போண்டன் என்றொரு பாறைத் தீவு. ரேஸர்பில் என்ற கறுப்பு வெள்ளைக் கடற்பறவைகள் கூட்டமாகக் குஞ்சு பொரிக்கும் இடம். அங்கே எலி கிடையாது, மான் கிடையாது. பாலூட்டி விலங்கே கிடையாது. ஆனால் பாறை இடுக்குகளில், கூடுகளில், கடற்பறவைகளின் ரத்தத்தை மட்டுமே நம்பி வாழும் வேறொரு உண்ணி உண்டு, இக்சோடஸ் யூரியே.

அந்த உண்ணிகளில் லைம் கிருமி இருந்தது.

1993-இல் "நேச்சர்" இதழில் அந்தக் கட்டுரை வந்தது. அதன் அர்த்தம் என்னன்னா, இந்தக் கிருமிக்கு எலியும் வேண்டாம், மானும் வேண்டாம், காடே வேண்டாம். ஒரு பாறை, ஒரு பறவை, ஒரு உண்ணி போதும். லைம் நோய் என்பது அமெரிக்கக் காட்டுப் புறநகரின் நோய் என்று நினைத்துக்கொண்டிருந்த காலத்தில் இது பெரிய அடி.

1995-இல் அதே குழு அடுத்த படி போனது. யூரியே உண்ணி வடதுருவத்தை ஒட்டியும் வாழும், தென்துருவத்தை ஒட்டியும் வாழும், நடுவில் வெப்பமண்டலத்தில் கிடையாது. வடக்கே ஐஸ்லாந்து, ஃபாரோ தீவுகள் பக்கமிருந்தும், தெற்கே நியூசிலாந்துக்குக் கீழே உள்ள கேம்பல் தீவு, இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில் உள்ள க்ரோசே தீவுகளிலிருந்தும் உண்ணிகளை வாங்கி மரபணுவைப் பார்த்தார்கள். இரண்டு முனையிலும் ஒரே மாதிரி மரபணுத் துண்டு. உலகின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடுவில் கிருமி போய்வந்திருக்கு. நிலநடுக்கோட்டைத் தாண்டி வருஷா வருஷம் பறக்கும் கடற்பறவைகள் உண்டு. வேறு வாகனம் எதுவும் தென்படவில்லை.

இப்போ காரினுக்கு வருவோம். 1992-இல் ஐரோப்பிய விஞ்ஞானிகள், லைம் கிருமி என்று நாம் சொல்வது ஒரே இனம் இல்லை, அண்ணன் தம்பிகள் மாதிரிப் பல இனங்கள் என்று பிரித்துக் காட்டினார்கள். ஒன்றுக்கு பர்க்டார்ஃபர் பெயர் நின்றது. அது அதிகமாக மூட்டைத் தாக்கும், அமெரிக்காவில் அதுதான். இன்னொன்றுக்கு ஸ்டாக்ஹோம் அஃப்செலியஸ் பெயர், பொரீலியா அஃப்செலி. அது அதிகமாகத் தோலைத் தாக்கும், எலிகளில் வாழும். மூன்றாவதற்கு லியோன் மருத்துவரின் பெயர், பொரீலியா காரினியை. அது அதிகமாக நரம்பைத் தாக்கும், முக்கியமாகப் பறவைகளில் வாழும். போண்டன் வகைக் கடற்பறவை உண்ணிகளில் இருந்தது இந்த இனம்தான்.

லைம் ஊர்ப் பிள்ளைகளுக்கு முட்டி வீங்கியதும், ஐரோப்பாவில் நரம்பு வலி வந்ததும் ஏன் என்ற கேள்விக்கு இதுதான் பதில். மூன்று மருத்துவர்களும் பொய் சொல்லலை, ஒருத்தர் பார்த்ததை இன்னொருத்தர் பார்க்காததுக்குக் காரணம் அவங்க கண்ணில் இல்லை.

ஏன் ஒரு இனம் பறவையிலும் ஒரு இனம் எலியிலும்? ரத்தத்தில் "காம்ப்ளிமென்ட்" என்று ஒரு புரதப் படை இருக்கு. அந்நியக் கிருமியைப் பார்த்ததும் ஓட்டை போட்டுக் கொல்லும். காரினியையின் மேல்தோல், பறவை ரத்தத்தின் காம்ப்ளிமென்ட்டை ஏமாற்றக் கற்றிருக்கு. அஃப்செலி எலி ரத்தத்தை ஏமாற்றும். மான் யாரிடமும் ஏமாறாது.

இன்னொரு ஆய்வு, இதைப் படிச்சப்போ நான் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். 2000-ஆம் ஆண்டு "நேச்சர்", மறுபடியும் ஸ்வீடன் குழு, ஆசா கில்ஃபே முதல் ஆசிரியர். ரெட்விங் என்ற வலசைப் பூங்குருவிகளைக் கூண்டில் வைத்து, காரினியை கிருமியைக் கொடுத்தார்கள். பிறகு அறையின் வெளிச்ச நேரத்தை மாற்றி, அந்தப் பறவைகளுக்கு "கிளம்புற காலம் வந்துடுச்சு" என்ற தவிப்பை உண்டாக்கினார்கள். கூண்டுக்குள்ளேயே ராத்திரியில் படபடக்கும். அந்தத் தவிப்பில், அடங்கிக் கிடந்த கிருமி மறுபடி தலைதூக்கியது.

சின்ன வயசில் அம்மை போட்டவருக்கு, அறுபது வயசில் உடம்பு தளரும்போது அக்கி வருது பாருங்க, அந்த மாதிரி. அதாவது, வலசை கிளம்பும் நேரத்தில், பறவை உண்ணிகளைச் சந்தித்துக்கொண்டே ஊர் ஊராகப் பறக்கும் நேரத்தில், கிருமியும் விழித்துக்கொள்கிறது.

இதனால் மனுஷனுக்கு நேரடி ஆபத்தா? ஃபாரோ தீவுகளில் பஃபின் என்ற கடற்பறவையை நீளக் கழியில் கட்டிய வலையால் பிடித்துச் சாப்பிடும் வழக்கம் உண்டு. 1999-இல் அங்கே பஃபின்களிலும் அவற்றின் உண்ணிகளிலும் கிருமியைக் கண்டுபிடித்தார்கள். பஃபின் பிடிப்பவர்களில் ஒரு சிலரின் ரத்தத்தில் கிருமிக்கு எதிரான புரதங்கள் இருந்தன. இருக்கு, ஆனால் குறைவு.

அப்படின்னா பறவைதான் வில்லனா? அமெரிக்காவில் அப்படி ஒரு வதந்தி ரொம்ப நாளாக ஓடுது. லைம் ஊருக்கு எதிரே கடலில் ப்ளம் தீவு. அங்கே 1954 முதல் அரசின் கால்நடை நோய் ஆய்வகம் இருக்கு. அங்கே ராணுவம் உண்ணியில் கிருமி ஏற்றியது, பறவைகள் அதைக் கரைக்குக் கொண்டுவந்தன என்று கதை. 2019-இல் அமெரிக்கக் கீழவை வரைக்கும் இதை விசாரிக்கச் சொல்லி ஒரு தீர்மானம் போனது.

இதற்குப் பதில் ஒரு அருங்காட்சியக அலமாரியில் இருந்தது. 1940-களில் லாங் ஐலண்டில் பிடித்துப் பாட்டிலில் போட்டு வைத்திருந்த உண்ணிகளை எடுத்து 1990-இல் மரபணுச் சோதனை செய்தார்கள். அதில் லைம் கிருமியின் மரபணு இருந்தது. ஆய்வகம் கட்டுவதற்கு முன்னாடியே. உண்ணியைப் பிடித்து லேபிள் எழுதி வைத்த அந்த யாரோ ஒருத்தருக்கு என் கும்பிடு. நம்மில் எத்தனை பேர் கேஸ் ஷீட்டை ஒழுங்கா எழுதுறோம்?

நம்ம நாட்டிலும் பறவை மேல் ஒரு காலத்தில் சந்தேகம் விழுந்தது. 1957-இல் கர்நாடகத்தின் ஷிமோகா காடுகளில் குரங்குகள் செத்து விழுந்தன, பிறகு மனிதர்கள். கியாசனூர் காட்டு நோய். இது வைரஸ், பாக்டீரியா இல்லை, ஆனால் பரப்புவது உண்ணிதான். ரஷ்யாவின் ஒரு உண்ணிக் காய்ச்சல் வைரஸுக்கு இது சொந்தம் என்பதால், சைபீரியாவிலிருந்து வலசை வரும் பறவைகள் கொண்டுவந்திருக்குமோ என்று ஆராய்ந்தார்கள். சலீம் அலியின் பறவைக்கு வளையமிடும் திட்டத்துக்குப் பணம் வந்ததில் இந்தக் கேள்விக்குப் பெரிய பங்கு உண்டு. நம்ம கோடியக்கரையிலும் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் வளையமிட்டது. பறவைதான் வைரஸைக் கொண்டுவந்தது என்பது கடைசி வரை நிரூபணமாகவில்லை. ஆனால் அந்த வளையங்களால் நமக்குக் கிடைத்த வலசை அறிவு இன்றும் பயன்படுது.

பறவையைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தும் முன்னாடி ஒன்று சொல்லணும். மெய்ன் மாநிலத்தில் மொன்ஹீகன் என்ற சின்னத் தீவு. லைம் தொல்லை தாங்காமல் 1999-க்குள் தீவிலிருந்த மான்களை முழுக்க அகற்றினார்கள். அந்தத் தீவு பறவைகள் வலசையில் இறங்கும் பிரபலமான இடம், அவை உண்ணியைக் கொண்டுவருவது நிற்கவே இல்லை. இருந்தும் தீவின் உண்ணிகள் சில வருடத்தில் வெகுவாகக் குறைந்தன. வந்து இறங்குபவருக்கு முதிர்ந்த வயதில் சாப்பாடு போட மான் இல்லை. பறவை விதை தூவும். முளைப்பதும் காய்வதும் நாம் அந்த நிலத்தை எப்படி வைத்திருக்கிறோம் என்பதைப் பொறுத்தது. லைம் ஊரைச் சுற்றி விவசாயம் கைவிடப்பட்டு, காடு திரும்ப வளர்ந்து, வேட்டையாட ஓநாய் இல்லாமல் மான் பெருகி, அந்தக் காட்டின் ஓரத்திலேயே மனிதன் வீடு கட்டினான். பறவை அதற்கெல்லாம் கையெழுத்துப் போடலை.

பாலி மர்ரே 1996-இல் தன் கதையைப் புத்தகமாக எழுதினார். 2019-இல் காலமானார். அவருக்கு எம்பிபிஎஸ் கிடையாது, ஆய்வுக் கட்டுரைகளில் ஆசிரியராக அவர் பெயர் வராது. ஸ்டீரின் 51 பேர் கணக்கு தொடங்கியது அவர் பட்டியலில் இருந்துதான்.

கமெண்ட்டில் வரப்போகும் கேள்விகளுக்கு இப்பவே பதில் சொல்லிடுறேன்.

முட்டி வலி இருக்கு, லைம் டெஸ்ட் எடுக்கலாமா? வேண்டாம். இந்தியாவில் பதிவான நோயாளிகள் குறைவு, பெரும்பாலும் இமயமலை, வடகிழக்கு, சில காட்டுப் பகுதிகள். நோய் அரிதான ஊரில் டெஸ்ட் பாசிட்டிவ் வந்தாலும் அது பொய்ப் பாசிட்டிவாக இருக்கவே வாய்ப்பு அதிகம். வெளிநாட்டுக் காட்டில் நடந்துவிட்டு வந்து சிவப்பு வளையம் வந்தால், அது வேற கதை. உடனே டாக்டரிடம் போங்க, எந்த ஊருக்குப் போனீங்கன்னும் சொல்லுங்க. ஆரம்பத்திலேயே டாக்ஸிசைக்ளின் கொடுத்தால் நன்றாகக் குணமாகும்.

உடம்பில் உண்ணி ஒட்டியிருந்தா? மண்ணெண்ணெய் ஊத்தாதீங்க, தீக்குச்சியால சுடாதீங்க. முனை கூர்மையான இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, நேராக மேலே இழுங்க, திருகாதீங்க. லைம் கிருமி ஏற பெரும்பாலும் ஒரு நாளுக்கு மேல் அது ஒட்டியிருக்கணும், அதனால சீக்கிரம் எடுத்தால் நல்லது. பிறகு சோப்புப் போட்டுக் கழுவுங்க.

பறவைக்குத் தண்ணி வைக்கலாமா? தாராளமா வைங்க.

மழைக்காலத்தில் காய்ச்சல் ஐந்து நாள் தாண்டினால்? அக்குள், இடுப்பு மடிப்பு, காதுக்குப் பின்னாடி, மார்புக்குக் கீழே கறுப்புப் பொருக்கு இருக்கான்னு வீட்டிலேயே பாருங்க. வலிக்காது, அரிக்காது, அதனால பையன் சொல்ல மாட்டான். இருந்தால் ஆஸ்பத்திரியில் காட்டுங்க. டாக்டர் அவசரத்தில் "மேல போங்க"ன்னு சொன்னா, கையைத் தூக்கிக் காட்டிட்டே போங்க.